டிக்கியிலிருந்து சீற்றுக்குக் கீழே: சீடி சேஞ்சரோடு மூன்று வருடம்

எங்களுடையது பழைய கொறோலா 110. ஜப்பானில் ஓடி முடித்து ரீகண்டிஷனாக வந்த கார் என்பதால், அதோடு வந்த றேடியோ 76 முதல் 90 மெகாஹேர்ட்ஸ் வரைதான் பிடிக்கும். நம்முடைய எப்.எம். நிலையங்கள் அனேகமாக அதற்கு மேலே. ஆகவே ஆறு சீடி போடுகிற சேஞ்சர்தான் எங்களுக்குப் பாட்டுப்பெட்டி.

அது டிக்கியின் பக்கச் சுவரில் நிமிர்த்திப் பூட்டப்பட்டிருந்தது. சீடி மாற்ற வேண்டுமென்றால் இறங்கி, டிக்கியைத் திறந்து, நெல்மூட்டையை இழுத்துப் போட்டுவிட்டுத்தான் கை வைக்கலாம். அதைவிடப் பெரிய கரைச்சல் புழுதி. மாமி வீடு முத்தையன்கட்டுப் பக்கம். ஒட்டுசுட்டானில் தார் ரோட்டை விட்டு இறங்கினால் கிரவல். டிக்கி ரப்பர் இறுகிப்போனதால் செம்மண் உள்ளே வந்து சேஞ்சரின் வாய் வரைக்கும் படிந்துவிடும்.

2022 இல் பெற்றோல் வரிசைக் காலத்தில் கார் சும்மா நின்றது. அந்த நேரத்தில் கழற்றி, முன் இடப்பக்கச் சீற்றுக்குக் கீழே கொண்டுவந்தேன். சீற்றை முழுக்க முன்னும் பின்னும் தள்ளிப் பார்த்த பிறகுதான் துளை போட்டேன். அந்த அளவில் புத்தி இருந்தது. டிக்கி வரை போன நீள வயரை வெட்டவில்லை. மிச்சத்தை மடித்துக் கட்டி காப்பெற்றுக்குக் கீழே விட்டேன்.

முதல் மாதம் பாட்டு வெட்டி வெட்டித்தான் வந்தது. ஏ9 பெருந்தெருவில் ஒழுங்காகப் பாடும், சின்னப் பள்ளம் வந்தால் போதும், தாவிவிடும். லென்ஸ்தான் போய்விட்டதென்று இரண்டு தரம் துடைத்தேன். கடைசியில் கிளிநொச்சியில் கார் வயரிங் செய்கிற தம்பி குனிந்து பார்த்துவிட்டு, "அண்ணை, இதைப் படுக்க வைக்கிறதுக்கும் நிமித்தி வைக்கிறதுக்கும் வேற வேற செற்றிங் இருக்கு. அதை மாத்தினீங்களோ?" என்று கேட்டான். நான் மாற்றவில்லை. உள்ளே இருக்கும் பொறி ஸ்பிறிங்கில் தொங்குகிறது. வைக்கிற சாய்வுக்கு ஏற்றபடி பக்கத்திலுள்ள திருகாணியைத் திருப்பாவிட்டால் ஸ்பிறிங் ஒரு பக்கமாக இழுத்து நிற்கும், குலுக்கலைத் தாங்காது. திருப்ப ஐந்து நிமிடம் ஆகவில்லை. ஒரு மாதம் லென்ஸைத் திட்டியதுதான் மிச்சம்.

எஞ்சின் வேகத்தோடு ஏறி இறங்கிய கீச்சுச் சத்தத்துக்கும் அவனே வழி சொன்னான். சேஞ்சரின் எர்த் வயரை, பெயின்ற் படிந்திருந்த சீற் போல்ற்றில் பிடித்திருந்தேன். றேடியோவின் எர்த் போகும் அதே இடத்துக்கு மாற்றியதும் சத்தம் நின்றது.

இரண்டாம் வருடம் இன்னொரு பாடம். ஏசித் தண்ணீர் வெளியேறும் குழாய் புழுதியால் அடைபட்டு, தண்ணீர் இடப்பக்கக் கால்மாட்டுக்குள்ளேயே வடிந்தது. காப்பெற் நனைந்து நாற்றம் வந்த பிறகுதான் கவனித்தேன். நல்ல காலம், சேஞ்சருக்கு ஒன்றும் ஆகவில்லை. இப்போது அது இரண்டு பாலைமரக் கட்டைகளின் மேல் நிற்கிறது. குழாயை வருடத்துக்கொரு முறை ஊதி விடுகிறேன். இதே வேலையைச் செய்ய நினைப்பவர்கள் முதலில் அந்தக் குழாயைப் பாருங்கள்.

சீடி விஷயத்தில் இந்தப் பழசு பிடிவாதக்காரன். எம்பி3 போட்டால் வாசிக்காது. அழித்து எழுதும் சீடி ஒளியைக் குறைவாகத் திருப்பி அனுப்புவதால் அதையும் ஒதுக்கிவிடும். ஓடியோ சீடியாக எழுதிக் கொடுத்தால் மட்டும் பாடும். மேலே தாள் லேபல் ஒட்டவே வேண்டாம். நம் வெயிலில் பசை இளகி ஒன்று உள்ளே சிக்கி, எடுக்க அரைநாள் போனது.

"புளூடூத் செற் ஒன்று போடன்" என்று மச்சான் வந்தபோதெல்லாம் சொல்கிறார். போடலாம். ஆனால் மாமி ஏறியதும் "மூண்டாவதைப் போடு தம்பி" என்பார். மூன்றாவது, பழைய கசெற்றிலிருந்து ஏற்றிய யாழ்ப்பாணம் தட்சணாமூர்த்தியின் தவில்.

ஆறாவது தட்டு மட்டும் வெளியே வர அடம்பிடிக்கிறது. அதை வெறுமையாக விட்டிருக்கிறேன். மிச்சம் ஐந்து, ஒன்றுக்கு 80 நிமிடம். கண்டி வரை போனாலும் அதே பாட்டு திரும்ப வராது.