டான்சிலில் அமிலாய்டு: சிங்கப்பூர் அரசு மருத்துவமனைச் சேவை எங்கே தேறுகிறது, எங்கே சறுக்குகிறது

அமிலாய்டு என்பது உருக்குலைந்து திசுவில் தேங்கும் புரதம். ஒரு பக்க டான்சில் மட்டும் பெருத்து, மெழுகு பூசினாற்போல் மஞ்சளித்து, விழுங்கும்போது ஏதோ சிக்கியதுபோல் இருந்தால், வலிக்கவில்லையே என்று விட்டுவிடக்கூடாது. பலதுறை மருந்தகத்தில் (பாலிகிளினிக்) பரிந்துரைக் கடிதம் வாங்கிக்கொண்டு காது மூக்கு தொண்டைப் பிரிவுக்குப் போங்கள். கடிதம் இல்லாமல் நேரே போனால் மானியம் கிடைக்காது.

இதுவரை சேவை நன்று. லிம்ஃபோமாவையும் (நிணநீர்ப் புற்றுநோய்) மற்றப் புற்றுநோயையும் முதலில் தேடுவார்கள், அதுதான் முறை.

சறுக்கல், டான்சிலிலிருந்து எடுத்த திசுவைச் சோதிக்கும் ஆய்வகத்தில். வழக்கமான சாயத்தில் அமிலாய்டு வெளிர் ரோஜா நிறப் பாளமாகத்தான் தெரியும். பழைய தழும்பு என்று தாண்டிவிடலாம். காங்கோ ரெட் சாயம் ஏற்றி, துருவ ஒளியில் பார்க்கும்போது பச்சை ஆப்பிள் நிறம் மின்ன வேண்டும். அதற்குத் திசுவை 8 முதல் 10 மைக்ரான் கனத்தில் சீவ வேண்டும். மற்ற சாயங்களுக்குச் சீவுவதுபோல் 3, 4 மைக்ரானில் சீவினால் நிறம் மங்கி, ‘இல்லை’ என்றே அறிக்கை வரக்கூடும். சந்தேகம் தீராவிட்டால், திசுவைப் பதித்துவைத்த அதே மெழுகுக் கட்டியிலிருந்து மறுபடி சீவிப் பார்க்கச் சொல்லிக் கேளுங்கள். கட்டியைப் பத்திரமாக வைத்திருப்பார்கள்.

அமிலாய்டு என்றானபின், எந்தப் புரதம் என்பதையும் கேட்டு வாங்குங்கள். தொண்டைப் பகுதியில் தேங்குவது பெரும்பாலும் லைட் செயின் (நோய் எதிர்ப்புப் புரதத்தின் ஒரு துண்டு) வகை. ஆனாலும் ஊகம் போதாது. புரதத்தை எடைபோட்டு இனங்காணும் மாஸ் ஸ்பெக்ட்ரோமெட்ரிதான் நம்பகமானது. (‘அமிலாய்டு’ என்றால் மாவுப்பொருள் போன்றது என்று பொருள். 1854இல் விர்ச்சோ வைத்த பெயர், தவறான பெயர். சோற்றைக் குறைத்துப் பயனில்லை.)

உடம்பில் வேறெங்கும் இல்லை என்று காட்டத்தான் அலைச்சல் அதிகம்: ரத்தத்தில் ஃப்ரீ லைட் செயின், ரத்தம் சிறுநீர் இரண்டிலும் இம்யூனோஃபிக்சேஷன் (இயல்பற்ற எதிர்ப்புப் புரதம் தேடும் சோதனை), சிறுநீர்ப் புரதம், என்டி-புரோபிஎன்பி (இதயத்தின் சுமை காட்டும் ரத்தச் சோதனை), இதய எக்கோ. ரத்தவியல், இதயப் பிரிவு என்று தேதிகள் சிதறும். ஒரே நாளில் சேர்த்துத் தரும்படி முகப்பிலேயே கேளுங்கள். எல்லாம் சரியாக இருந்தால் கீமோ தேவையில்லை, டான்சிலை எடுத்தால் போதும்.

அறுவைக்கு மெடிசேவ் (மருத்துவச் சேமிப்புக் கணக்கு) பயன்படும். அமிலாய்டு படிந்த ரத்தக்குழாய் எளிதில் கசியும் என்பதால், ஆஸ்பிரின் போன்றவை சாப்பிடுவதை முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். அறுவைக்குப்பின் பொருக்கு உதிரும் 5 முதல் 10 நாளுக்குள் புது ரத்தம் வந்தால் மறுநாள் வரை காத்திராமல் அவசரப் பிரிவுக்குப் போக வேண்டும். முறுக்கு வேண்டாம், ஆறிய கஞ்சி, பாலில் ஊறிய இடியாப்பம் போதும். அதே இடத்தில் திரும்ப வரக்கூடியது என்பதால், புண் ஆறியபின்னும் மறுபரிசோதனைத் தேதியை ரத்து செய்யாதீர்கள்.