ஆட்-இன்னைக் கழற்றினாலும் பார்ட்டி விவரம் ஃபைலுக்குள்ளேயே கிடக்கிறது, உஷார்!

ஜிஎஸ்டி கணக்கு பார்க்கும் நண்பர்களுக்கு: பர்சேஸ் ரெஜிஸ்டரையும் (நாம் வாங்கிய பில்களின் பதிவு) ஜிஎஸ்டிஆர்-2பி-யையும் (சப்ளையர்கள் தாக்கல் செய்ததை வைத்து ஜிஎஸ்டி தளம் தரும் பட்டியல்) ஒரே கிளிக்கில் ஒப்பிட்டுத் தருகிறோம் என்று எக்ஸெல் ஆட்-இன் (எக்ஸெலோடு சேர்த்துக்கொள்ளும் துணை மென்பொருள்) விற்க யாராவது வந்தால், பணம் கட்டுமுன் இதைப் படித்துவிடுங்கள்.

நானும் அப்படி ஒன்றை வாங்கினேன். ஒப்பிடும் வேலையை அது நன்றாகவே செய்தது. சிக்கல் வேறு இடத்தில். போன மாதம் நான் அனுப்பிய ஷீட்டைப் பார்த்துவிட்டு ஒரு பார்ட்டியின் (வாடிக்கையாளரின்) ஆடிட்டர் கூப்பிட்டார். "இத்தனூண்டு ஷீட்டுக்கு ஃபைல் ஏன் சார் இவ்வளவு கனம்? உள்ளே வேற யாரோட ஜிஎஸ்டி நம்பரோ இருக்கே?" கன்ட்ரோலையும் எண்டையும் சேர்த்து அழுத்தச் சொன்னார். கர்சர் கடைசி பில்லில் நிற்காமல் வலப்பக்கம் எங்கோ கோடியில் போய் நின்றது. பார்வைக்கு செல் காலி. ஆனால் மேலே ஃபார்முலா பாரில் இன்னொரு பார்ட்டியின் 15 இலக்க ஜிஎஸ்டி எண்! பக்கத்து செல்களில் அவர்களுடைய சப்ளையர் பெயர், பில் தொகை எல்லாம்.

'புதிய ஃபைல்' பட்டனைத் தட்டினால் அந்த ஆட்-இன் பழைய ஃபைலைக் காப்பி எடுத்து, கண்ணுக்குத் தெரிவதை மட்டும் துடைக்கிறது. மற்றதை, நம்பர் ஃபார்மட்டில் மூன்று அரைப்புள்ளி (;;;) போட்டு மறைத்துவிடுகிறது. டெலீட் அழுத்தினால் எழுத்து போகும், அந்த ஃபார்மட் போகாது. அப்புறம் அங்கே எதை டைப் செய்தாலும் தெரியாது. ஹோம் டேபில் 'கிளியர் ஆல்' கொடுத்தால்தான் இரண்டும் ஒழியும்.

அதோடு விட்டதா? மறைத்த ஷீட்டுகளைக் காட்டும் 'அன்ஹைட்' பட்டியலிலேயே வராத ஒரு ஷீட்டும் இருந்தது. ஆல்ட் எஃப்11 அழுத்தி, இடப்பக்கப் பட்டியலில் அந்த ஷீட்டைத் தேர்ந்தெடுத்து, எஃப்4 தட்டி 'விசிபிள்' என்பதை -1 ஆக மாற்றியதும் வெளியே வந்தது. பழைய பார்ட்டிகள் அத்தனை பேரும் அதில் வரிசையாக இருந்தார்கள்.

விற்றவரிடம் கேட்டேன். "ஆட்-இன்னை அன்இன்ஸ்டால் பண்ணுங்க, சரியாயிடும்" என்றார். சுத்தப் பொய். ஆட்-இன்னை எடுத்தால் மெனு போகும். ஃபைலுக்குள் அது எழுதிவைத்தது அப்படியே இருக்கும். மறுபடி கூப்பிட்டபோது, துடைக்கிற பட்டன் அடுத்த வருட லைசென்ஸில் வருகிறது, ரின்யூ செய்யுங்கள் என்றார். அவர்கள் போட்ட குப்பையை அள்ள நான் காசு கொடுக்க வேண்டுமாம்! பணத்தைத் திருப்பிக் கேட்டதிலிருந்து ஃபோனை எடுப்பதில்லை.

இதுபோன்ற ஆட்-இன் ஏற்கெனவே வைத்திருப்பவர்கள் ஃபைலை வெளியே அனுப்புமுன் ஒரு காப்பி எடுத்து, ஃபைல், இன்ஃபோ, 'செக் ஃபார் இஷ்யூஸ்' வழியாகப் போய், மறைந்திருப்பதைத் தேடும் 'இன்ஸ்பெக்ட் டாக்குமென்ட்' ஓட்டிப் பாருங்கள். காப்பியில்தான் ஓட்ட வேண்டும்; அது நீக்கியதை அன்டூ செய்ய முடியாமல் போகலாம். ஆனால் அரைப்புள்ளி போட்டு மறைத்த செல்களை அது காட்டாது. அதற்குக் கன்ட்ரோல் எண்ட்தான். இனி வாங்கப் போகிறவர்கள், டெமோ காட்ட வருகிறவர் முன்னாலேயே அதை அழுத்திப் பாருங்கள்.