ஏழு வருட சக்யூலன்ட் வளர்ப்பு: என்னிடம் நிலைத்தவையும் நிலைக்காதவையும்

ஏழு வருடங்களுக்கு முன்பு ஒரே நாளில் ஐந்து சக்யூலன்ட் செடிகள் (சதைப்பற்றான இலையிலோ தண்டிலோ நீரைச் சேர்த்து வைப்பவை) வாங்கினேன். எச்செவேரியா, ஜேட், வரிக்குதிரை மாதிரி வெள்ளைக் கோடு போட்ட ஹவோர்த்தியா, ஸ்நேக் பிளான்ட், அப்புறம் தலையில் சிவப்பு உருண்டையோடு ஒரு மூன் கேக்டஸ். பராமரிப்பே வேண்டாம், எங்கே வைத்தாலும் வளரும் என்று சொல்லித்தான் கொடுத்தார்கள். ஐந்தையும் ஒரே ஜன்னல் திண்டில் வரிசையாக வைத்தேன். இன்று அவற்றில் மூன்று இருக்கின்றன. எது ஏன் நின்றது, எது ஏன் போனது என்று இப்போது எனக்குத் தெளிவாகத் தெரியும். முதல் செடி வாங்கப் போகிறவர்களுக்காக அதை எழுதுகிறேன்.

முதலில் போனது எச்செவேரியா. ஐந்திலும் அழகானது அதுதான். கல்லில் செதுக்கிய பூ மாதிரி அடுக்கு, இலை மேல் மெல்லிய வெள்ளைப் பொடி. ஒரு மாதத்துக்குள் அடுக்குகளுக்கு நடுவே தண்டு தெரிய ஆரம்பித்தது. செடி வளர்கிறது என்று சந்தோஷப்பட்டேன். உண்மையில் வெளிச்சம் போதாமல் அது நீண்டுகொண்டிருந்தது. அப்படி நீண்ட தண்டு எத்தனை வெயிலில் வைத்தாலும் திரும்பச் சுருங்காது. நிறமும் மங்கவே, தண்ணீர் போதவில்லை என்று நினைத்து இன்னும் ஊற்றினேன். அடி இலைகள் கண்ணாடி போல் ஊடுருவித் தெரிந்தன, விரல் பட்டதுமே கழன்று விழுந்தன. பிடுங்கிப் பார்த்தால் தண்டின் அடி கறுத்து அழுகியிருந்தது.

அதே திண்டில், அதே வெளிச்சத்தில், பக்கத்துத் தொட்டி ஹவோர்த்தியா கன்று போட்டுக்கொண்டிருந்தது. காரணம் எளிது. எச்செவேரியா பெரும்பாலும் மெக்சிகோவின் மலைப் பாறைகளில் வெயில் வாங்கி வளர்வது. ஹவோர்த்தியாவுக்குத் தென்னாப்பிரிக்காவில் புதர் நிழலும் பாறை இடுக்கும்தான் வீடு. ஆகவே வாங்கும் முன் செடியைப் பார்ப்பதை விட இடத்தைப் பார்ப்பது முக்கியம். நடுப்பகலில் தொட்டி வைக்கப்போகும் இடத்துக்கு மேலே ஒரு முழ உயரத்தில் கையை நீட்டுங்கள். நிழலின் விளிம்பு கூர்மையாக விழுந்தால் எச்செவேரியா, ஜேட், அடீனியம் எல்லாம் வைக்கலாம். நிழல் மங்கலாக இருந்தால் ஹவோர்த்தியா, காஸ்டீரியா, ஸ்நேக் பிளான்ட். நிழலே விழாத மூலையில் ஸ்நேக் பிளான்ட் கூட உயிரோடு இருக்குமே தவிர வளராது.

தண்ணீர் விஷயத்தில் என் பழக்கத்தை மாற்றவே இரண்டு வருடம் பிடித்தது. தினமும் செடியைக் கவனிக்கிறவர்களுக்குக் கை சும்மா இருக்காது, ஊற்றத்தான் தோன்றும். இந்தச் செடிகளில் பல பகலில் இலைத்துளைகளை மூடிக்கொள்கின்றன. இரவின் குளிர்ச்சியில் திறந்து, கரியமில வாயுவை வாங்கி அமிலமாகச் சேர்த்து வைத்து, விடிந்தபின் வெளிச்சத்தில் அதைப் பயன்படுத்துகின்றன. அதனால் உள்ளிருக்கும் நீர் வீணாவது மிகக் குறைவு. "வாரம் ஒரு முறை" என்ற கணக்கை நான் விட்டுவிட்டேன். இப்போது தொட்டியைத் தூக்கிப் பார்க்கிறேன். ஊற்றிய அன்று இருக்கும் கனம் கைக்குப் பழகிவிட்டால், காய்ந்த தொட்டி தூக்கியதுமே தெரியும். ஜேட் என்றால் அடி இலையை இரண்டு விரலால் லேசாக அழுத்துவேன். கல் மாதிரி இருந்தால் வேண்டாம். கொஞ்சம் தளர்ந்து, மேலே மெல்லிய சுருக்கம் இருந்தால் அன்று அடித்துளை வழியாக வழியும் வரை ஊற்றுவேன். சுருங்கிய இலை இரண்டொரு நாளில் நிமிர்ந்துவிடும். கண்ணாடியான இலை திரும்பாது.

மண்கலவை பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. சாதாரணத் தொட்டிமண் பாதி, பெருமணலோ பெர்லைட்டோ (எடையற்ற வெள்ளைக் குருணைக் கல்) பாதி. பொடிமணல் கூடாது, அது இடைவெளிகளை அடைத்துவிடும். தொட்டியின் அடியில் கூழாங்கல் பரப்பினால் நீர் வடியும் என்று பலர் சொல்வார்கள், நானும் செய்தேன். மேலே உள்ள மண் முழுக்க நனைந்து நிரம்பிய பிறகுதான் நீர் கல்லுக்கு இறங்கும். ஈரம் நிற்கும் இடம் வேருக்கு இன்னும் பக்கத்தில் வந்துவிடுகிறது, அவ்வளவுதான். அடியில் ஓட்டை உள்ள மண் தொட்டி போதும்.

சரி, நிலைத்தவற்றுக்கு வருகிறேன். எனக்குக் கொஞ்சமும் தொல்லை தராதது ஸ்நேக் பிளான்ட். இப்போது சில இடங்களில் ட்ரசீனா என்று எழுதியிருப்பார்கள், பழைய பெயர் சான்செவேரியா. இரண்டும் ஒரே செடிதான், 2017-இல்தான் பெயர் மாறியது. நான்காம் வருடம் அதன் வேர்க்கிழங்கு பிளாஸ்டிக் தொட்டியின் பக்கவாட்டைப் பிளந்துகொண்டு வெளியே வந்தது. பிரித்து மூன்று தொட்டிகளாக்கினேன். மஞ்சள் விளிம்புள்ள ரகத்தை மட்டும் இலை வெட்டி நடாதீர்கள். நான் நட்டேன், வந்த கன்று முழுப் பச்சை. விளிம்பு நிலைக்க வேண்டுமானால் கிழங்கோடு பிரித்துத்தான் வைக்க வேண்டும். இது அறைக் காற்றைச் சுத்தம் செய்யும் என்று நம்பி வாங்குகிறவர்களுக்கு ஒரு வார்த்தை: அந்தப் பேச்சுக்கு மூலமான 1989-ஆம் ஆண்டு நாசா ஆய்வு சிறிய மூடிய பெட்டிகளுக்குள் நடந்தது. காற்று வந்து போகும் வீட்டில் நாலைந்து தொட்டிகளால் அந்தப் பலன் கிடைக்காது. செடி பிடித்திருந்தால் வாங்குங்கள்.

ஜேட் மெதுவாக வளர்ந்து என் கட்டைவிரலை விடத் தடித்த தண்டோடு குட்டி மரமாக நிற்கிறது. நடுவில் ஒரு முறை மாவுப்பூச்சி வந்தது. இலைக் காம்பு தண்டோடு சேரும் இடுக்கில் பஞ்சு மாதிரி ஒட்டியிருக்கும். 70 சதவீத ஐசோப்ரோபைல் ஆல்கஹாலில் பஞ்சுக்குச்சியை நனைத்து ஒவ்வொன்றாகத் தொட்டு எடுத்தேன். வாரம் ஒரு முறை, ஐந்து வாரம். புதுச் செடி எதையும் இப்போது பதினைந்து நாள் தனியாக வைத்த பிறகே மற்றவற்றோடு சேர்க்கிறேன்.

மூன் கேக்டஸ் மூன்றாம் வருடம் போனது. அதில் என் தவறு குறைவு. மேலே உள்ள சிவப்பு உருண்டையில் பச்சையம் கிடையாது. வேறொரு கள்ளியின் மேல் ஒட்டுக்கட்டி, அதன் உணவில்தான் வாழ்கிறது. இரண்டின் வளர்ச்சியும் ஒத்துப்போகாமல் சில வருடங்களில் ஒட்டு விட்டுவிடும். இது தெரிந்தால் வாங்குகிறவர்களுக்குப் பின்னால் மனவருத்தம் இருக்காது.

தோட்டத்துக்கு நான் முதலில் சொல்வது பத்துமணிப் பூ. ஒரு சாண் தண்டை ஒடித்து நட்டால் போதும், வெயில் எவ்வளவு அடித்தாலும் பூக்கும். சோற்றுக் கற்றாழையும் அப்படித்தான், ஆனால் நிழலில் இருந்ததை ஒரே நாளில் உச்சி வெயிலுக்கு மாற்றினால் இலை பழுப்பாகிவிடும். பத்து நாளாவது கொஞ்சம் கொஞ்சமாகப் பழக்க வேண்டும். திருகுகள்ளி வேலியோரத்துக்கு நல்லது. தாவரவியலாளர் லின்னேயஸ் 1753-இல் வைத்த அறிவியல் பெயரிலேயே "திருக்கள்ளி" இருக்கிறது. அதன் பாலில் மட்டும் மிகுந்த கவனம் வேண்டும். ஒரு நாள் கிளை வெட்டிவிட்டு, மணிக்கட்டில் பட்டிருந்ததைக் கவனிக்காமல் கண்ணைக் கசக்கிவிட்டேன். உடனே கால் மணி நேரத்துக்கு மேல் தண்ணீரில் கழுவியும் எரிச்சல் நிற்காமல் மருத்துவரிடம் போக வேண்டியதாயிற்று. இப்போது கையுறையும் கண்ணாடியும் இல்லாமல் அதைத் தொடுவதில்லை. ரணகள்ளியையும் அதன் இனத்தில் இலை விளிம்பெல்லாம் குட்டி போடும் ரகங்களையும் நேரே மண்ணில் வைக்காதீர்கள். தொட்டியிலேயே இருக்கட்டும். விழுந்த இடமெல்லாம் முளைக்கும், ஆடு மாடு தின்றால் விஷம்.

வீட்டில் பூனையோ நாயோ இருந்தால் ஹவோர்த்தியாவும் எச்செவேரியாவும் பயமில்லாதவை. ஜேட், கற்றாழை, ஸ்நேக் பிளான்ட் மூன்றையும் தின்றால் அவற்றுக்கு வயிற்றைப் புரட்டும், எட்டாத உயரத்தில் வையுங்கள்.

எச்செவேரியாவை நான் விடவில்லை. இரண்டாவதும் அதே ஜன்னலில்தான் போனது. மூன்றாவதை வாங்கும் முன் மொட்டை மாடியில் கையை நீட்டி நிழல் பார்த்தேன், காலை வெயில் நான்கு மணி நேரம் நேராக விழும் கைப்பிடிச் சுவரைத் தேர்ந்தெடுத்தேன், மழை நேரே படாமல் மேலே ஒரு தகடு வைத்தேன். இலை மேல் உள்ள வெள்ளைப் பொடியில் விரல் படாமல் பார்த்துக்கொள்கிறேன், ஒரு முறை அழிந்தால் அந்த இடத்தில் திரும்ப வராது. வந்து மூன்று வருடம் ஆகிறது. போன மாதம் தானாக உதிர்ந்த ஓர் இலையை எடுத்து, முனை காய மூன்று நாள் விட்டு, மண் மேல் சும்மா வைத்தேன். இன்று காலை பார்த்தபோது நூல் கனத்தில் இளஞ்சிவப்பு வேர் நாலைந்து, அவற்றின் நடுவே கடுகளவில் ஓர் அடுக்கு.