"பேக்கேஜ்" பிரசவம் பேசியிருப்பவர்கள் கவனத்துக்கு

ஏழாம் மாதத்தில் என் தங்கையால் படுக்கவே முடியவில்லை. படுத்தால் இருமல், மூச்சுத்திணறல். தலையணைகளை அடுக்கிச் சாய்ந்தபடியே விடியும்வரை உட்கார்ந்திருப்பாள். முழுப் பிரசவத்துக்கும் முன்பணம் வாங்கிக்கொண்ட தனியார் மருத்துவமனை, "பிள்ளை வளர்கிறது, அப்படித்தான் இருக்கும்" என்று இருமல் மருந்து கொடுத்து அனுப்பியது.

சிறு வயதில் அவளுக்கு மூட்டு வீக்கத்தோடு காய்ச்சல் வந்ததையும், 21 நாளுக்கு ஒருமுறை பென்சிலின் ஊசி போட்டதையும் அம்மா முதல் நாளே அங்கே சொல்லியிருந்தார். அந்த ருமாட்டிக் காய்ச்சல் இதய வால்வைச் சுருக்கிவிடக்கூடியது. கர்ப்பத்தில் ரத்த அளவு 40 முதல் 50 சதவீதம் வரை கூடும்போது, சுருங்கிய வால்வு அதைக் கடத்த முடியாமல் நுரையீரலில் நீர் கோத்துக்கொள்ளும். அப்படிப்பட்ட உடம்பில், சோர்வு நீங்கும் என்று சலைன் ஏற்றினார்கள்! நினைத்தால் இப்போதும் வயிறு எரிகிறது.

அன்றிரவே திணறல் முற்றி, 108 ஆம்புலன்ஸில் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குக் கொண்டுபோனோம். பணியில் இருந்த இளம் மருத்துவர் ஸ்டெதஸ்கோப் வைத்துக் கேட்டவுடன் எக்கோ (இதய ஸ்கேன்) எடுக்கச் சொன்னார். மைட்ரல் வால்வு மிகவும் சுருங்கியிருந்தது. நீரை வெளியேற்றவும் இதயத் துடிப்பைக் குறைக்கவும் மருந்து கொடுத்து, பிறகு தொடை ரத்தக்குழாய் வழியே பலூன் செலுத்தி வால்வை விரித்தார்கள். தாயும் பெண் குழந்தையும் நலம்.

பழைய பில்லை அதன் பிறகுதான் வரி வரியாகப் பார்த்தோம். "இதய நிபுணர் ஆலோசனை", "எக்கோ" என்று தனித்தனியே பணம் பிடித்திருக்கிறார்கள். எந்த இதய நிபுணரும் அவளைப் பார்க்கவில்லை. எக்கோ அறிக்கையும் கிடையாது. கேட்டதற்கு, "பேக்கேஜில் சேர்ந்தே வரும்" என்றார்கள்.

மாடி ஏறும்போது கர்ப்பிணிக்கு மூச்சு வாங்குவது வேறு. படுத்தால் திணறுவது, தூக்கத்தில் மூச்சு முட்டி எழுவது, சளியில் ரத்தம், மயக்கம் ஆகியவை வேறு. இவற்றில் ஒன்று இருந்தாலும் தாமதிக்காமல் பெரிய மருத்துவமனைக்குப் போய் எக்கோ கேளுங்கள். அது ஒலி அலைகளால் எடுக்கும் படம், கதிர்வீச்சு இல்லை. பிரசவமான சில மாதங்கள் வரையிலும் இதயத்தசை பலவீனமாகலாம் என்பதால், அப்போதும் இதே கவனம் தேவை.

நோயாளி கேட்ட 72 மணி நேரத்துக்குள் மருத்துவக் குறிப்புகளைத் தர வேண்டும் என்கிறது இந்திய மருத்துவக் கவுன்சிலின் 2002 ஒழுங்குமுறை. எழுத்து மூலம் கேட்டும் எங்களுக்கு இன்னும் வரவில்லை. பில் நகலை இணைத்து மாவட்ட மருத்துவ நலப்பணிகள் இணை இயக்குநரிடம் புகார் கொடுத்திருக்கிறோம்.