தேனா, கொலாஜன் தாளா?

கோத்தகிரி, குன்னூர் பக்கம் தேயிலைக் காட்டில் கவாத்துக் கத்தி காலில் பட்டால், “தேன் தடவு” என்று சொல்ல வீட்டுக்கு ஓர் ஆள் இருப்பார். அதில் விஷயம் இருக்கிறது. தேனின் சர்க்கரை புண்ணின் நீரை இழுக்கிறது, அமிலத்தன்மை கிருமிக்கு ஆகாது, நீர் சேரச் சேரக் கொஞ்சமாக ஹைட்ரஜன் பெராக்சைடும் உருவாகிறது. மேலோட்டமான தீக்காயம் வழக்கமான கட்டுகளைவிடத் தேனில் சீக்கிரம் ஆறுவதாக மருத்துவ ஆய்வுகளைச் சேர்த்து அலசும் காக்ரேன் அமைப்பின் 2015 ஆய்வுத் தொகுப்பு சொல்கிறது.

அதற்காகப் பாறையிலிருந்து இறக்கிய மலைத்தேனை அப்படியே புண்ணில் ஊற்றிவிடாதீர்கள். பெருந்தேனீயின் தேனில் ஈரம் அதிகம். பாட்டிலைச் சாய்த்தாலே நீர்த்து ஓடும். நரம்பைப் பாதித்துத் தசையை முடக்கும் பாட்டுலிசம் நோய்க் கிருமியின் வித்துகளும் இருக்கலாம். காயத்துக்கென்றே விற்கும் தேனில் காமா கதிரால் கிருமி நீக்கியிருப்பார்கள். அதுதான் சரி.

கொலாஜன் தாள் என்பது புண்ணை மூடும் மெல்லிய தாள்; மாட்டுத்தோல், மீன்தோல் போன்றவற்றிலிருந்து எடுத்த கொலாஜன் என்ற புரதத்தால் ஆனது. மாட்டுப்பொருள் வேண்டாம் என்பவர்கள் கேட்டு வாங்கலாம். உப்புநீரில் நனைத்து வைத்தால் புண்ணோடு ஒட்டிக்கொள்ளும். பிய்த்தெடுக்கும் வேதனை இல்லை. ஒவ்வொரு முறை கட்டு மாற்றவும் மலையிறங்கி பஸ் ஏற வேண்டியவர்களுக்கு இது பெரிய நிம்மதி. ஆனால் சீழ் பிடித்த புண்ணை இதனால் மூடக்கூடாது, அடியில் தேங்கிவிடும்.

சுத்தமான, ஆழமில்லாத காயத்துக்கு என் ஓட்டு கொலாஜனுக்கே. நாற்றமடிக்கும் புண் என்றால் மருத்துவத் தேன், அதுவும் மருத்துவர் பார்த்த அப்புறம். எதுவானாலும் டெட்டனஸ் ஊசி போட்டு நாளாகிவிட்டதா என்று முதலில் கேளுங்கள்.