பேட்டையில் ஒரு லேத் பட்டறை

நுணுக்கமான கடைசல் வேலைக்குக் கோயம்புத்தூர் வரை போக வேண்டுமா என்று யோசிப்பவர்களுக்காக எழுதுகிறேன். வேண்டாம். திருநெல்வேலி பேட்டையில், பெயர்ப்பலகைகூட இல்லாத ஒரு தகரக் கொட்டகையில் எனக்கு அந்த வேலை நடந்தது.

நான் செய்யச் சொன்னது டிரோனில் ஏற்றும் அகச்சிவப்புக் கருவியின் கூடு. ஒரு அலுமினியக் குழாய், அதன் அடியில் சென்சார். வானத்தை அண்ணாந்து பார்த்து, நீராவியும் மேகமும் உமிழும் வெப்பக் கதிரை 8 முதல் 14 மைக்ரான் அலைநீளத்தில் அது அளக்க வேண்டும். இதில் பெரிய தொல்லை குழாயேதான். பளபளப்பான அலுமினியம் பக்கவாட்டில் வரும் கதிரையெல்லாம் எதிரொளித்துச் சென்சாரிடம் சேர்த்துவிடும்.

உட்புறம் வழவழப்பாக இருக்கட்டும், கறுப்புப் பெயின்ட் அடித்துக்கொள்கிறேன் என்று வரைபடத்தில் எழுதியிருந்தேன். பட்டறைக்கார அண்ணாச்சி தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "பக்கத்து வெளிச்சம் உள்ளே இறங்கக் கூடாது, அவ்வளவுதானே சார்? வழவழப்பாக விட்டால் சறுக்கிக்கொண்டு போய்விடும். உள்ளே மரை வெட்டிவிடுகிறேன்" என்றார். திருகாணியில் இருப்பது போன்ற அந்த வரிப்பள்ளங்களில் பக்கத்துக் கதிர் சிதறிவிடும், நேரே சென்சாருக்குச் சறுக்காது. ஒளியியல் படித்த எனக்குத் தோன்றியிருக்க வேண்டிய யோசனை அது. குழாய்க்குள் விரலை விட்டால் ஒவ்வொரு மரையும் நகத்தில் தட்டுகிறது. ஓரிடத்திலும் பிசிறு இல்லை.

கண்ணாடி இந்தக் கதிரை விடாது, விடும் ஜெர்மானியமோ விலை கட்டுப்படியாகாது. ஆகவே குழாய் வாயில் மெல்லிய பாலித்தீன் தாள். அதைப் பறைத்தோல் போல இழுத்துப் பிடிக்க ஒரு வளையமும் கடைந்து தந்தார்.

எல்லாவற்றிலும் சிறந்த வேலை, அளவைச் சரிபார்க்கும் கூம்புக் குழி. உள்ளே கறுப்படித்த ஆழமான கூம்பில் நுழையும் கதிர் மோதி மோதி அடங்கிவிடும். அதனால் அந்தக் குழி ஏறக்குறைய முழுமையான கரும்பொருளாக, அதாவது படும் கதிரையெல்லாம் விழுங்கித் தன் வெப்பநிலைக்கேற்ற கதிரை மட்டும் தரும் பொருளாக, கதிர் உமிழும். நாசாவின் இ.ஆர்-2 விமானத்தில் சுமார் 20 கிலோமீட்டர் உயரத்தில் பறந்த விஸ்கான்சின் பல்கலைக்கழகக் கருவியும் இரண்டு கரும்பொருட்களை மாறி மாறிப் பார்த்தே தன்னைச் சரிபார்த்துக்கொள்கிறது. எங்களுக்கு ஐஸ் வாளியில் ஒரு கூம்பு, வெந்நீரில் ஒரு கூம்பு. ஐஸ் கூம்பைக் காட்டியதும் திரையில் 0.3 டிகிரி வந்தது. மாணவர்கள் கைதட்டிவிட்டார்கள்.

குறை உண்டு. பத்து நாளில் என்றவர் இருபத்து நான்கு நாள் எடுத்துக்கொண்டார். ஆனித் தேரோட்டத்துக்கு ஆட்கள் போய்விட்டார்கள் என்பதைப் புரிந்துகொள்கிறேன். ஆனால் பொதிகைப் பக்கமிருந்து மேகம் இறங்கும் பருவத்தில் ஒவ்வொரு நாளும் எங்களுக்கு முக்கியம். முன்னமே ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். ஆடி பிறந்த பிறகுதான் சேரன்மகாதேவி வயலில் பறக்கவிட்டோம். தெளிந்த வானத்தில் தாழ்ந்து நின்ற அளவு, மேற்கிலிருந்து வந்த முதல் மேகத்துண்டு தலைக்கு மேல் நகர்ந்ததும் விறுவிறுவென்று ஏறியது.

கூலி மொத்தம் 2,600 ரூபாய், அலுமினியம் நம்முடையது. அளவுகளை மில்லிமீட்டரில் தெளிவாக எழுதிக்கொண்டு, காலை பத்து மணிக்கு முன்பே போய்விடுங்கள். அதற்குப் பிறகு லேத் ஓடும் சத்தத்தில் பேச முடியாது.