டிரையத்லானுக்குப் பழகுகிறவர்கள் பாளையங்கோட்டையில் சைக்கிளை எங்கே கொடுக்கலாம்

கடந்த மாதம் சென்னைக்குத் தெற்கே, கிழக்குக் கடற்கரைச் சாலையில், என் முதல் ஒலிம்பிக் தூர டிரையத்லானை முடித்தேன். கடலில் 1.5 கிலோமீட்டர் நீச்சல், அடுத்து 40 கிலோமீட்டர் சைக்கிள், கடைசியாக 10 கிலோமீட்டர் ஓட்டம். மொத்தம் 3 மணி 47 நிமிடம் ஆனது. எனக்கு 43 வயது. பாளையங்கோட்டையில் ஒரு மேல்நிலைப் பள்ளியில் வேதியியல் ஆசிரியை.

ஊர் திரும்பியதிலிருந்து காலை நடைக்கு வருகிறவர்கள் பலரும் எப்படிப் பழகினேன் என்று விசாரிக்கிறார்கள். நீச்சலைப் பற்றிச் சொல்ல என்னிடம் அதிகம் இல்லை. சிந்துபூந்துறைப் படித்துறையில் அப்பா தள்ளிவிட்டுப் பழக்கிய நீச்சல் அது. ஓட்டத்துக்குக் காலும் காலணியும் போதும். சைக்கிளுக்குத்தான் வேறு ஒருவரின் கை வேண்டும். அந்தக் கை பாளை மார்க்கெட் பக்கத்துச் சந்து ஒன்றில் இருக்கிறது. பெயர்ப்பலகை கிடையாது. வேப்பமரத்தில் பழைய டயர்களை மாட்டியிருப்பார்கள், அதுதான் அடையாளம். எல்லோரும் 'அண்ணாச்சி கடை' என்கிறார்கள், நானும் அப்படியே சொல்கிறேன்.

என் சைக்கிள் பழையது. இரும்புச் சட்டம், மெல்லிய டயர், வளைந்த ஹேண்டில்பார். பெங்களூரில் ஒருவரிடமிருந்து 24,000 ரூபாய்க்கு வாங்கினேன். பின் சக்கரம் ஆடுகிறது என்று வேறொரு ஊரில் கண்ணாடிக் கதவு போட்ட ஒரு பெரிய கடைக்கு முதலில் கொண்டுபோனேன். சக்கரத்தையே மாற்ற வேண்டும், 9,000 ரூபாய் ஆகும் என்றார்கள். அன்று பஸ்ஸில் திரும்பும்போது இந்த ஆசையையே விட்டுவிடலாமா என்று யோசித்தேன். ஒரு மாதம் கழித்து, பள்ளிக் காவலாளி சொல்லி அண்ணாச்சியிடம் போனேன்.

அவர் சைக்கிளைத் தலைகீழாக நிறுத்தி, பின் சக்கரத்தைச் சுற்றிவிட்டு, பிரேக் கட்டைக்குப் பக்கத்தில் ஒரு சாக்குக்கட்டியை அசையாமல் பிடித்தார். ரிம் எங்கெல்லாம் வெளியே தள்ளியதோ அங்கெல்லாம் வெள்ளைக் கோடு விழுந்தது. பிறகு கம்பிகளை இரண்டிரண்டாக விரலால் சேர்த்து அழுத்திப் பார்த்துக்கொண்டே வந்தார். இரண்டு கம்பிகள் தளர்ந்து, மரை தேய்ந்திருந்தன. அவற்றை மாற்றி, மற்றவற்றைக் கால் திருப்பு, அரைத் திருப்பு என்று இறுக்கியும் தளர்த்தியும் கோட்டம் எடுத்தார். முக்கால் மணி நேரம் ஆயிற்று. மறுபடி சக்கரத்தைச் சுற்றியபோது சாக்குக்கட்டி ரிம்மைத் தொடவே இல்லை. 180 ரூபாய் வாங்கினார். அந்தச் சக்கரத்தில்தான் பந்தயம் ஓட்டினேன்.

இந்தக் கடையை நான் பரிந்துரைப்பதற்கு முதல் காரணம், தேவையில்லாததைத் தேவையில்லை என்று சொல்லிவிடுவது. செயினை மாற்றுங்கள் என்று நானே கேட்டேன். பள்ளிப் பிள்ளைகள் வைத்திருக்கும் 12 அங்குல ஸ்கேல் ஒன்றை எடுத்துச் செயின் மேல் வைத்தார். புதுச் செயினில் முழுக் கண்ணிகள் பன்னிரண்டை அளந்தால் சரியாக 12 அங்குலம் இருக்கும். தேய்ந்து நீண்டு, ஒரு அங்குலத்தில் பதினாறில் ஒரு பங்கு கூடிவிட்டால் மாற்ற வேண்டும். எட்டில் ஒரு பங்கு வரை விட்டுவிட்டால் பின் பல்சக்கரமும் சேர்ந்து தேய்ந்திருக்கும், செலவு இரட்டிப்பாகும். என் செயின் மயிரிழை அளவுகூட நீளவில்லை. "இன்னும் ஒரு வருஷம் ஓடும் டீச்சர், மண்ணெண்ணெய் போட்டுக் கழுவி எண்ணெய் விடுங்கள், போதும்" என்று அனுப்பிவிட்டார்.

இரண்டாவது காரணம் காற்று. மெல்லிய டயர் என்றால் கல் மாதிரி இருக்க வேண்டும் என்று நினைத்து, டயரின் பக்கவாட்டில் போட்டிருந்த 110 பவுண்டையும் அடித்து வந்தேன். அது தாங்கக்கூடிய உச்ச அளவு, அடிக்க வேண்டிய அளவு அல்ல என்று சொல்லி, 58 கிலோ எடைக்கு 80, மிஞ்சினால் 90 போதும் என்றார். சேரன்மகாதேவி சாலையில் முதுகெலும்பு வரை ஏறிய அதிர்வு அன்றோடு குறைந்தது.

பந்தயத்துக்கு முதல் நாள் பிற்பகலே சைக்கிளை அங்கே நிறுத்திவிட வேண்டும் என்று நான் சொன்னபோது, உடனே, "வெயிலில் நிற்குமா?" என்று கேட்டார். நிற்கும் என்றேன். அப்படியானால் காற்றைக் குறைத்து நிறுத்திவிட்டு, விடிகாலையில் அடித்துக்கொள்ளச் சொன்னார். வீட்டுக்கு வந்து கணக்குப் போட்டுப் பார்த்தேன். 27 டிகிரியில் 90 பவுண்டு அடித்த டயர் வெயிலில் 57 டிகிரிக்குச் சூடேறினால், உள்ளே ஏறத்தாழ 100 பவுண்டு ஆகிவிடும். வாயு விதிகளை இருபது வருடமாகக் கரும்பலகையில் எழுதுகிறேன். என் சொந்த டயருக்கு அதைப் பொருத்திப் பார்க்க அண்ணாச்சி சொல்ல வேண்டியிருந்தது. இப்போது பதினோராம் வகுப்பில் அந்தப் பாடத்தை இந்த டயரில்தான் தொடங்குகிறேன்.

மூன்றாவதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். டிரையத்லானில் வெளியாள் உதவி கூடாது. சைக்கிள் பஞ்சரானால் நாமே இறங்கி, நாமே டியூப் மாற்றி, நாமே காற்றடித்துப் போக வேண்டும். இந்த விதியை அண்ணாச்சியிடம் சொன்ன நாளிலிருந்து என் சைக்கிளுக்குப் பஞ்சர் பார்க்க மறுத்துவிட்டார். கடையில் ஒரு ஸ்டூலைப் போட்டு, என்னையே பார்க்க வைத்தார். முதல் தடவை 26 நிமிடம். டயரை ரிம்முக்குள் தள்ளத் தெரியாமல் பெருவிரல் நகம் பெயர்ந்தது. வால்வுக்கு எதிர்ப்புறம் தொடங்கிக் கழற்று, போடும்போது வால்வுப் பக்கம் முடி, அப்போதுதான் டயர் ரிம்மின் நடுப்பள்ளத்தில் இறங்கித் தளரும் என்று பொறுமையாகச் சொன்னார். ஆறு வாரத்தில் எட்டு நிமிடத்துக்கு வந்தேன்.

நம் பக்கத்தில் பஞ்சர் என்றால் பெரும்பாலும் உடைமரத்து முள்தான். பத்தமடையைத் தாண்டி ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை பின் டயர் இறங்கியது. புது டியூப் போட்டேன், அரைக் கிலோமீட்டரில் அதுவும் இறங்கியது. சைக்கிளை மினி லாரியில் ஏற்றிக்கொண்டு கடைக்கு வந்தேன். அண்ணாச்சி டியூபைத் தொடவில்லை. ஒரு துண்டுப் பஞ்சை எடுத்து டயரின் உட்புறம் முழுக்க மெதுவாக ஓட்டினார். ஓர் இடத்தில் பஞ்சிலிருந்து நான்கைந்து இழைகள் பிரிந்து டயரிலேயே நின்றன. என் விரலுக்கு எதுவும் தட்டுப்படாத இடம் அது. உள்ளே ஒரு மில்லிமீட்டர்கூட நீட்டிக்கொண்டிருக்காத முள் நுனி ஒன்று, காற்றடித்த பிறகு டியூப் அழுந்தும்போது மட்டும் குத்தியிருக்கிறது. இடுக்கியால் பிடுங்கி என் உள்ளங்கையில் வைத்தார். அன்றிலிருந்து இருக்கைக்குக் கீழே உள்ள பையில் டியூப், நெம்புகோல், கைப்பம்பு ஆகியவற்றோடு ஒரு உருண்டைப் பஞ்சும் இருக்கிறது.

இருக்கை உயரத்தைச் சரிசெய்ததையும் சொல்லிவிடுகிறேன். முழங்கால் முன்புறம் வலித்துக்கொண்டே இருந்தது. சுவரைப் பிடித்துக்கொண்டு இருக்கையில் உட்காரச் சொல்லி, குதிகாலைப் பெடலில் வைத்துக் கீழே இறக்கினால் கால் நேராக நீள வேண்டும் என்றார். இரண்டு சென்டிமீட்டர் உயர்த்தினார். இரண்டு வாரத்தில் வலி போனது. சைக்கிளிலிருந்து இறங்கிய கையோடு 10 கிலோமீட்டர் ஓட வேண்டியவர்களுக்கு இது சின்ன விஷயம் அல்ல.

அந்த உயரத்தை மாற்ற இருக்கைத் தண்டை உருவுவதற்குள் அவருக்கு வியர்த்துவிட்டது. அலுமினியத் தண்டு இரும்புச் சட்டத்துக்குள் உப்புப் பூத்து இறுகியிருந்தது. இரண்டு உலோகம், நடுவே உப்பு நீர் என்றால் அரிக்கப்படுவது அலுமினியம்தான். நான் அதை விளக்க, அவர் கிரீஸைத் தாராளமாகத் தடவி மாட்டினார்.

குறைகளும் உண்டு. மெல்லிய வால்வு உள்ள டியூப் கடையில் இருப்பு இருக்காது. சொன்னால் நான்கைந்து நாளில் வரவழைப்பார், ஆகவே முன்கூட்டியே இரண்டு சொல்லிவைத்துவிடுங்கள். காற்றடிக்கப் பித்தளை மாற்றுமுனை ஒன்று வைத்திருக்கிறார். எண்ணெய் அழுத்தத்தில் இயங்கும் டிஸ்க் பிரேக்கையும் மின்சார கியரையும் தொடமாட்டார், தெரியாது என்று நேராகச் சொல்லிவிடுவார். ரசீது கிடையாது. ஜூன் மாதம் போகவே வேண்டாம். பள்ளி திறக்கும் நேரம், அரசு கொடுத்த இலவச சைக்கிள்கள் சந்து முழுக்க வரிசையில் நிற்கும். மாலை நான்கு மணிக்கு மேல் பள்ளிப் பிள்ளைகளுக்குத்தான் முதலிடம், யார் எவ்வளவு விலையுள்ள சைக்கிளைக் கொண்டுவந்தாலும் காத்திருக்க வேண்டும். நான் ஒருமுறை ஒன்றரை மணி நேரம் காத்திருந்தேன். என் வகுப்புப் பெண் ஒருத்தி எனக்கு முன்னால் பெடலை மாற்றிக்கொண்டு போனாள். இந்த வரிசை மாறக் கூடாது என்பதுதான் என் விருப்பம்.

முழு ஓவராலிங் செய்ய, பால்ரஸ் மாற்றி கிரீஸ் போட்டு, 650 ரூபாய் வாங்கினார். ஆடி மாதம் மேற்கே முகம் வைத்து ஓட்டிப் பழகியவர்களுக்குத் தெரியும், அந்தக் காற்றில் சக்கரம் கொஞ்சம் இறுகினாலும் தொடையில்தான் வந்து விடியும். சேரன்மகாதேவி வரை போய்த் திரும்பினால் ஏறக்குறைய 40 கிலோமீட்டர், பந்தயத்தின் சைக்கிள் தூரம் அப்படியே. போகும்போது எதிர்காற்று, வரும்போது முதுகில் காற்று. ஓவராலிங் செய்த வாரம் போகும் வழியில் ஆறு நிமிடம் மிச்சமானது.

நெல்லை எக்ஸ்பிரஸில் சைக்கிளை அனுப்பக் கட்டிக் கொடுத்ததும் அவர்தான். முன் சக்கரத்தைக் கழற்றிய பிறகு ஃபோர்க்கின் இரு முனைகளும் அழுத்தத்தில் நெருங்கிவிடக் கூடாது என்று, பத்து சென்டிமீட்டர் நீளத்துக்கு ஒரு மரச்சட்டத்தை அறுத்து நடுவே கொடுத்து இறுக்கினார். பின் கியரைக் கழற்றிச் சட்டத்துக்கு உட்புறமாகப் பழைய டியூபால் கட்டினார். அட்டைப் பெட்டிக்குள் வைத்து, ஒவ்வொன்றையும் எந்த வரிசையில் திரும்ப மாட்ட வேண்டும் என்று என்னைச் சொல்ல வைத்துவிட்டுத்தான் பெட்டியை ஒட்டினார். கட்டுக்கூலியாக 200 ரூபாய் கொடுத்தேன், நூறைத் திருப்பிக் கொடுத்துவிட்டார்.

பந்தயத்தில் டயர் இறங்கவில்லை. 40 கிலோமீட்டரை 1 மணி 41 நிமிடத்தில் முடித்தேன். திரும்பி வந்து பதக்கத்தைக் காட்டக் கடைக்குப் போனேன். அண்ணாச்சி பதக்கத்தைக் கையில் வாங்கி இருபுறமும் பார்த்தார், மகனைக் கூப்பிட்டுக் காட்டினார். பிறகு செயினில் விரலை வைத்துத் தேய்த்து மூக்கருகே கொண்டுபோனார். "கடல் தண்ணீர் சொட்டியிருக்கிறதே டீச்சர், நல்ல தண்ணீரில் கழுவவில்லையா?" என்று கேட்டார். கழுவவில்லை. சைக்கிளை அங்கேயே விட்டுவிட்டு நடந்து வந்தேன், புதன்கிழமை காலை பத்து மணிக்கு வரச் சொல்லியிருக்கிறார்.